பழைய சாளரமா, புதிய சாளரமா?

வீட்டின் உறுப்புகளுள் சாளரத்தைப் போல் இரு திறத்தாருக்கு உரியது வேறொன்றில்லை. அடுக்களையும் பூசை அறையும் உள்ளே வாழ்வோருக்கே உரியவை. திண்ணை ஒரு காலத்தில் வழிப்போக்கருக்கு உரியதாய் இருந்தது. சாளரமோ ஒரே சமயத்தில் இருவருக்கும் உரியது. உள்ளே இருப்பவருக்கு அது காற்றும் ஒளியும். தெருவில் செல்பவருக்கு அதுவே வீட்டின் முகம். ஆகையால் ஒரு பழைய சாளரம் உளுத்துப்போய், அதை மாற்றியே தீரவேண்டும் என்ற நிலை வரும்போது எழுகின்ற கேள்வி, தச்சரும் கொத்தரும் மட்டும் விடை சொல்லி முடிக்கக் கூடியதன்று.

பழைய வடிவிலேயே மரத்தில் மறுபடியும் செய்வதா? அன்றி, சட்டமும் கதவும் ஒரே தளத்தில் மட்டமாகப் பொருந்தி, பள்ளமும் மேடும் இன்றி வழவழவென்று நிற்கும் புதிய அலுமினியச் சாளரத்தையோ யு.பி.வி.சி. சாளரத்தையோ வைப்பதா? அல்லது இரண்டுக்கும் இடைப்பட்டதாய், புதிய பொருளில் பழைய தோற்றத்தை வருவித்துக் கொள்வதா? முன்னோர்க்கு நாம் செய்யவேண்டியது என்ன, உடன் வாழ்வோர்க்குச் செய்யவேண்டியது என்ன, பின்வருவோர்க்கு விட்டுச்செல்ல வேண்டியது என்ன என்னும் மூன்று கடமைகளும் இந்தச் சிறு கேள்வியில் வந்து முட்டிக்கொள்கின்றன. பிறந்த ஊரில் ஒரு வீடும் பிழைக்க வந்த ஊரில் ஒரு வீடுமாக வாழும் நம்மைப் போன்ற குடும்பங்களுக்கு இக்கேள்வி இரு மடங்கு உரியது.

சொற்கள் சொல்லும் செய்தி

தமிழில் சாளரத்துக்குப் பெயர்கள் பல. ‘காலதர்’ என்பது பழைய இலக்கியச் சொல். கால் என்றால் காற்று. அதர் என்றால் வழி. காற்று வரும் வழி காலதர். ‘பலகணி’ என்பது பல கண்களை உடையது என்ற பொருளில் அமைந்தது. இன்று நம் நாவில் பழகிவிட்ட ‘சன்னல்’ நம்முடைய சொல்லன்று; ‘ஜனேலா’ என்ற போர்த்துகீசியச் சொல்லின் மரூஉ அது. வங்க மொழியின் ‘ஜானாலா’வும் அதே மூலத்திலிருந்து வந்ததே. கடல்வழி வந்த ஒரு சொல்லைக் காவிரிக் கரையினரும் கங்கைக் கரையினரும் ஒருங்கே ஏற்றுக்கொண்டுள்ளனர். ஆங்கிலத்தில் வழங்கும் சொல்லும் ‘காற்றின் கண்’ என்று பொருள்படும் பழைய ஸ்காண்டிநேவியச் சொல்லிலிருந்து பிறந்ததே ஆகும்.

இப்பெயர்களைக் கூர்ந்து நோக்கின் ஓர் உண்மை புலப்படும். ஒன்றேனும் மரத்தின் பெயரால் அமையவில்லை. தேக்கின் பெயரும் இல்லை, இரும்பின் பெயரும் இல்லை. காற்றும் கண்ணுமே பெயராகியுள்ளன. பொருளைக் காட்டிலும் தொழிலே முதன்மையானது என்று முன்னோர் கருதினர் போலும். நம் கேள்விக்கு இதை முதல் அளவுகோலாகக் கொள்ளலாம்.

கொல்கத்தாவின் பச்சைச் சாளரங்கள்

எடுத்துக்காட்டுக்குத் தொலைவில் செல்ல வேண்டியதில்லை. கொல்கத்தாவின் பழைய வீதிகளில் நடப்பவர் எவரும் பச்சை வண்ணம் பூசிய நெடிய மரச் சாளரங்களைக் கண்டிருப்பர். வங்காளிகள் அவற்றைக் ‘கட்கடி’ என்பர். குறுக்கு வாட்டில் மெல்லிய மரப்பட்டிகள் அடுக்கடுக்காய் அமைந்திருக்கும். அவை அனைத்தையும் இணைத்து நடுவே செங்குத்தாக ஒரு கோல் உண்டு. அதை மேலே தூக்கினால் பட்டிகள் திறந்து காற்று புகும். கீழே இறக்கினால் மூடிக்கொள்ளும். பல வீடுகளில் மேல் இணை வேறு, கீழ் இணை வேறாகத் தனித்தனியே திறக்கலாம். கடுங்கோடையில் வெயிலைத் தடுத்துக் காற்றை மட்டும் விடும். மழை நாளில் சாரலைத் தடுத்து ஈரக் காற்றை உள்ளே கொணரும். அறையில் இருப்பவர் தெருவைக் காணலாம். தெருவில் இருப்பவர் அறையைக் காண இயலாது. ஒரே கருவி நான்கு வேலைகளைச் செய்கிறது. மின்சாரம் ஒரு துளியும் வேண்டாம்.

இந்தச் சாளரங்கள் இன்று வேகமாக மறைந்து வருகின்றன. வீடு இடியும்போது அவையும் போகின்றன. வீடு நின்றாலும் அவற்றின் இடத்தில் கண்ணாடி வந்துவிடுகிறது. எழுத்தாளர் அமித் சௌத்ரி 2015ஆம் ஆண்டு முதல் இத்தகைய சாதாரணக் குடியிருப்பு வீடுகளின் பாதுகாப்புக்காகக் குரல் எழுப்பி வருகிறார். அரண்மனைகளும் கோயில்களும் மட்டுமல்ல, நடுத்தரக் குடும்பங்கள் வாழ்ந்த வீடுகளும் ஒரு நகரின் செல்வமே என்பது அவர் கட்சி. லேக் மார்க்கெட் பகுதியில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்துவரும் தமிழ்க் குடும்பங்கள் இக்கருத்தின் உண்மையை எளிதில் உணரும்.

ஆனால் இங்கே ஒன்றை மறத்தலாகாது. ‘கட்கடி’யும் வங்கத்து மண்ணில் முளைத்ததன்று. அது ஐரோப்பியரோடு வந்த வடிவம். அதற்குரிய தேக்கோ பர்மாவிலிருந்து கப்பலேறி வந்தது. வடிவும் அயல், மரமும் அயல். பின் எதனால் அது இந்நகரின் மரபாயிற்று? பழமையால் மட்டும் அன்று. இவ்வூரின் வெயிலுக்கும் மழைக்கும் அது விடை சொன்னது. இவ்வூர்த் தச்சர்கள் அதைச் செய்யவும் செப்பனிடவும் கற்றுக்கொண்டனர். இவ்விரண்டும் நிறைவேறிய நாளில் அயல் என்பது அழிந்து நம்முடையது ஆயிற்று. ஆகவே, புதியது என்பதற்காகவே ஒன்றை வெறுப்பது முறையாகாது. இன்றைய புதுமையும் நாளைய மரபு ஆகலாம். ஆயினும் அதே இரு கேள்விகளுக்கு அதுவும் விடை சொல்லியாக வேண்டும்: இவ்வூர் வானத்துக்கு ஏற்றதா? இவ்வூர்க் கைகளால் செப்பனிடத்தக்கதா?

புதியதன் பக்கம் நின்று நோக்குதல்

பழமையைப் போற்றுவோர் பலர் எதிர்க்கட்சியின் வழக்கைக் கேளாமலே தீர்ப்பு எழுதிவிடுகின்றனர். அது நடுநிலையன்று. புதிய சாளரத்தின் பக்கமும் வலிய காரணங்கள் உள்ளன.

மரம் மழைக்காலத்தில் ஊதும். கதவு நிலையில் சிக்கிக்கொள்ளும். கறையான் அரிக்கும். மரப்பட்டிகளின் இடையே படியும் தூசியைத் துடைக்க அரை நாள் ஆகும். அந்த அரை நாள் பெரும்பாலும் வீட்டுப் பெண்களின் அரை நாளாகவே இருந்து வந்திருக்கிறது. நல்ல தேக்குக்கு விலை ஏறிவிட்டது; பர்மா, தேக்கு மரத்தை வெட்டிய கட்டையாக ஏற்றுமதி செய்வதை 2014ஆம் ஆண்டு ஏப்ரலில் தடை செய்துவிட்டது. இழைப்புளி பிடிக்கத் தெரிந்த தச்சரைத் தேடி அலைய வேண்டியுள்ளது. இவை அனைத்திற்கும் மேலாகக் கொசு. டெங்கு பரப்பும் கொசு பகலில் கடிப்பது. கைக்குழந்தை உள்ள வீட்டில், வலையில்லாத பழைய சாளரத்தின் அழகைப் பற்றி உரையாற்றுவது இரக்கமற்ற செயலாகும்.

எனினும் புதியதற்கும் குறைகள் உள்ளன. இரு தடங்களில் நகரும் கண்ணாடிச் சாளரம் எவ்வளவு தள்ளினாலும் பாதிதான் திறக்கும். மற்றப் பாதியைக் கண்ணாடியே மறைத்து நிற்கும். காற்று வழியில் பாதியை விலை கொடுத்து அடைத்தாயிற்று. கண்ணாடி வெயிலை உள்ளே விட்டு, அறையில் எழும் வெப்பத்தை எளிதில் வெளியே விடாது. உட்புறம் திரை போட்டாலும் வெப்பம் புகுந்த பின்னரே தடுத்தவர்கள் ஆவோம். மரப்பட்டியோ வெயிலை வெளியிலேயே நிறுத்திவிடுகிறது. அலுமினியம் மரத்தைவிட ஆயிரம் மடங்குக்கும் மேலாக வெப்பத்தைக் கடத்தும் இயல்புடையது. யு.பி.வி.சி. அக்குற்றம் அற்றது, ஆயின் அது உடைந்தால் ஊர்த்தச்சர் ஒட்டித் தரமுடியாது, செய்த நிறுவனத்தையே நாடவேண்டும். இவ்வாறு காற்றுக்குப் பதில் மின்விசிறி, நிழலுக்குப் பதில் குளிர்சாதனம் என்று ஒரு மாற்றம் பல மாற்றங்களை இழுத்து வருகிறது. சாளரத்தின் விலையோடு இவற்றின் மாதாந்தரச் செலவையும் கூட்டிப் பார்த்த பின்னரே எது மலிவு என்று சொல்லவேண்டும்.

போலி என்பது பொய்யா?

இனி மூன்றாம் வழியை ஆராய்வோம். புதிய பொருளில் பழைய தோற்றம் காட்டும் சாளரங்கள் சந்தையில் கிடைக்கின்றன. நெகிழியின் மேல் மரவரி ஒட்டியிருக்கும். ஒரே கண்ணாடியின் மேல் பட்டைகளை ஒட்டிப் பல சிறு கண்ணாடிகள் போலக் காட்டியிருப்பர். திருப்ப முடியாத மரப்பட்டிகளும் உண்டு. இவை நேர்மையானவையா?

இங்கிலாந்து நாட்டின் ஜான் ரஸ்கின் 1849இல் எழுதிய கட்டடக் கலை நூலில், பழைய கட்டடத்தைப் புதுப்பிப்பது என்பதே ஒரு பொய் என்னும் கடுமையான கருத்தை முன்வைத்தார். அவர் வழியில் வில்லியம் மாரிஸ் 1877இல் பழங்கட்டடப் பாதுகாப்புச் சங்கத்தைத் தொடங்கினார். 1964ஆம் ஆண்டின் வெனிஸ் சாசனம், இழந்த பகுதிக்குப் பதிலாக வைக்கும் புதியது முழுமையோடு இயைந்து நிற்கவேண்டும். ஆனால் மூலத்திலிருந்து வேறு என்று அறியத்தக்கதாகவும் இருக்கவேண்டும் என விதித்தது.

கீழை நாட்டு மரபோ வேறு வகையானது. ஜப்பானின் ஈசே ஆலயத்தை இருபது ஆண்டுகளுக்கு ஒரு முறை புதிய மரத்தால் அப்படியே கட்டுகின்றனர். அண்மையில் 2013இல் அவ்வாறு கட்டினர். அதைப் போலி என்று அந்நாட்டார் எவரும் கூறார். நம் கோயில்களிலும் திருப்பணி நடைபெறுகிறது, சிதைந்த சுதைச் சிற்பத்தைத் தபதியர் மீண்டும் செய்கின்றனர், குடமுழுக்கு நடக்கிறது, தெய்வம் மாறிவிட்டதாக எவரும் கருதுவதில்லை. இந்தியக் கலை, பண்பாட்டு மரபு அறக்கட்டளையான ‘இன்டாக்’ 2004இல் வகுத்த சாசனம், தபதியர், ராஜ மிஸ்திரிகள் போன்றோரின் உயிருள்ள கைத்திறனும் காக்கப்பட வேண்டிய மரபே என்று ஏற்றுக்கொண்டது.

இவ்விரு கொள்கைகளுக்கும் இடையே நாம் எங்கு நிற்பது? பொய் என்பது தோற்றத்தில் இல்லை. தொழிலில் உள்ளது என்பது நம் துணிபு. புதிய மரத்தில், பழைய வடிவில், திருப்பினால் திரும்பும் பட்டிகளோடு இன்று ஒரு தச்சர் செய்யும் சாளரம் பொய்யன்று. அது அவ்வடிவத்தின் அடுத்த பிறவி. மரவரி ஒட்டிய நெகிழிச் சாளரம் சிறு பாசாங்கு, அதனால் எவருக்கும் கேடில்லை, பொறுத்துக்கொள்ளலாம். திரும்பாத பட்டிகளோ ‘நான் காற்றை விடுவேன்’ என்று தோற்றத்தால் சொல்லிச் செயலால் மறுப்பவை. அவற்றைக் காட்டிலும் மறைப்பு ஏதுமின்றி நிற்கும் மட்டமான புதிய சாளரமே நேர்மையானது. தான் எதுவோ அதுவாகவே அது நிற்கிறது.

மரபில் உள்ள மாசு

பழஞ்சாளரங்களைப் பற்றிப் பேசுவோர் பேசாது விடும் பகுதி ஒன்றுண்டு. 1799இல் எழுந்த ஜெய்ப்பூர் ஹவா மகாலில் 953 சிறு சாளரங்கள் உள்ளன. காற்று வரும் அருமையை அனைவரும் புகழ்கின்றனர். அரச குலப் பெண்டிர் பிறர் கண்ணில் படாமல் வீதியைக் காண்பதற்காகவே அவை அமைந்தன. சத்யஜித் ராய் 1964இல் எடுத்த ‘சாருலதா’ திரைப்படத்தின் தொடக்கக் காட்சி பலருக்கும் நினைவிருக்கும். செல்வக் குடும்பத்துப் பெண் ஒருத்தி கையில் சிறு தொலைநோக்கியுடன் சாளரம் சாளரமாகச் சென்று, மரப்பட்டிகளின் இடுக்கு வழியே தெருவில் செல்வோரைப் பின்தொடர்கிறாள். மேலே நாம் நிறை என்று எண்ணிய ‘உள்ளிருப்பார் காணலாம், வெளியிருப்பார் காண இயலாது’ என்பது அவளுக்குச் சிறையாய் இருந்தது.

ஆகவே ‘முன்னோர் வைத்தது’ என்பது தன்னளவில் ஒரு நியாயம் ஆகாது. முன்னோர் காற்றுக்கு வழி வைத்தனர்; சில வேளைகளில் மனிதருக்கு வழி மறித்தனர். முதலாவதைக் காத்தல் கடமை. இரண்டாவதை விட்டொழித்தலும் கடமையே. கோலைத் தூக்குவதும் இறக்குவதும் உள்ளே இருப்பவளின் விருப்பப்படி நடக்குமானால் அதே சாளரம் சிறையாகாது. மாற வேண்டியது மரமன்று. யார் கையில் அந்தக் கோல் இருக்கிறது என்பதே.

முடிவு செய்யும் உரிமை யாருடையது?

இனி நம் நெஞ்சைத் தொடும் இடத்துக்கு வருவோம். வடக்கே வந்து குடியேறிய நம்மில் பலருக்கு ஊரில் ஒரு பூர்வீக வீடு உண்டு. அதில் அண்ணனும் அண்ணியும் வாழ்கின்றனர். அல்லது வயது முதிர்ந்த தாயார் வாழ்கிறார். நாம் கோடை விடுமுறையில் பத்து நாள் செல்கிறோம். தெருப்பக்கத்துச் சிறு சாளரத்தின் இரும்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்ற இளமை நினைவுக்கு வருகிறது. ‘சாளரத்தை மாற்றப் போகிறோம்’ என்று அண்ணன் தொலைபேசியில் சொன்னதும் நம் உள்ளம் பதைக்கிறது. ‘அதில் மட்டும் கை வைக்காதீர்கள்’ என்கிறோம். இவ்வாறு சொல்லும் உரிமை நமக்கு உண்டா?

சிந்திக்க வேண்டிய செய்தி ஒன்று. நம் பழைய வீடுகளில் சாளரங்கள் சிறியனவாய் இருந்தமைக்குக் காரணம் முற்றம். ஒளியும் காற்றும் முற்றத்தின் வழியே வந்தன. தெருச் சாளரம் துணையே அன்றித் தலைமையன்று. பல வீடுகளில் இன்று முற்றத்துக்குக் கூரை போட்டாயிற்று. முற்றத்தை மூடிவிட்டுச் சாளரத்தையும் சிறியதாகவே வை என்பது, மூக்கை அடைத்துவிட்டு வாயையும் திறக்காதே என்பது போன்றது. மரபு என்பது தனித்தனி உறுப்புகளின் கூட்டமன்று. ஒன்றையொன்று தாங்கி நிற்கும் அமைப்பு. அமைப்பு கலைந்த பின் ஓர் உறுப்பைமட்டும் காக்கச் சொல்வது நம் நினைவுக்கு இன்பம். அங்கே வாழும் அண்ணிக்குப் புழுக்கம்.

எனினும் வாழ்பவர்க்கே எல்லா உரிமையும் உண்டு, பிறர் வாய் திறக்கலாகாது என்றும் நாம் கூற மாட்டோம். செட்டிநாட்டில் எத்தனையோ மாளிகைகள் பிரித்து விற்கப்பட்டன. அவற்றின் கதவுகளும் தூண்களும் சாளரங்களும் காரைக்குடியின் பழம்பொருள் கடைகளுக்கு வந்தன. அங்கிருந்து பெருநகர விடுதிகளுக்கும் செல்வர் வீடுகளுக்கும் சென்றன. காற்று நுழையாத சுவரில் ஓவியம்போல் தொங்கும் சாளரத்தைக் கண்டு வருந்தாத தமிழர் இருக்க முடியாது. பல பங்காளிகளுக்கு உரிய பொருளை ஒருவர் விற்றுவிட்டால் திரும்பப் பெறும் வழியில்லை. மீட்க முடியாத செயலுக்கு முன் கேட்டுக்கொள்ளுதல் உறவின் அடிப்படை அறம்.

இவ்விரண்டையும் நிறுத்துப் பார்க்கும்போது ஒரு நெறி தெளிவாகிறது. காக்கச் சொல்லும் உரிமை, காக்கும் பாரத்தில் பங்கு ஏற்பவருக்கே உண்டு. தேக்கின் விலையில் பாதியை அனுப்புகிறேன், தச்சரைத் தேடித் தருகிறேன், ஆண்டுதோறும் எண்ணெய் பூசும் செலவு என்னுடையது என்று சொல்பவரின் சொல்லுக்கு அண்ணன் செவி சாய்க்க வேண்டும். வெறும் ஏக்கத்தை மட்டும் அனுப்புபவரின் சொல் வேண்டுகோள் ஆகலாம், கட்டளை ஆகாது. இதே நெறி நகரத்துக்கும் பொருந்தும். மும்பையில் 1995ஆம் ஆண்டு முதல் மரபுக் கட்டடங்களுக்கென விதிகள் உள்ளன. பட்டியலில் சேர்ந்த கட்டடத்தின் முகத்தை உரிமையாளர் தம் விருப்பம்போல் மாற்ற இயலாது. தெருவின் அழகு பொதுச் சொத்து என்னும் கொள்கை நன்றே. ஆனால் அழகைத் துய்ப்பவர் ஊரார், செலவைச் சுமப்பவர் ஒருவர் என்றால், அது சட்டத்துக்கு ஏற்றதாகலாம், அறத்துக்கு ஏற்றதாகாது.

செய்யத்தக்கது

மேற்கூறியவற்றால் ஓர் ஒழுங்கு கிடைக்கிறது. முதலாவது, மாற்றுவதற்கு முன் செப்பனிட இயலுமா என்று நோக்கவேண்டும். சாளர நிலை பெரும்பாலும் மழைநீர் தங்கும் அடிப்பகுதியிலேயே உளுக்கும். அதை மட்டும் வெட்டி நல்ல மரம் பொருத்தினால் எஞ்சியது இன்னும் ஒரு தலைமுறைக்கு நிற்கும். கதவுகள் வெளிப்புறம் திறப்பனவாயின் உட்புறம் கொசுவலைக் கதவு ஒன்றை மாட்டலாம். குழந்தையும் காக்கப்படும், சாளரமும் காக்கப்படும். இரண்டாவது, மாற்றியே ஆகவேண்டுமானால், பொருள் எதுவாயினும் பழைய சாளரம் செய்த தொழிலைப் புதியது செய்யுமா என்று கேட்கவேண்டும்: முழுதும் திறக்கிறதா, வெயிலை வெளியே நிறுத்துகிறதா, மழையில் திறந்து வைக்க இயலுகிறதா. மூன்றாவது, தெருவை நோக்கிய முகத்தில் தெருவையும், உட்பக்கத்தில் அங்கே வாழ்வோரையும் முன்வைத்து முடிவு செய்யவேண்டும். நான்காவது, இவற்றுள் எதற்கும் பொருள் வசதி இல்லாதவர் மலிவான மட்டச் சாளரத்தை வைத்துக்கொள்வாராயின் அவரை மரபின் பகைவர் என்று இகழ்தல் கூடாது.

இவ்வளவு ஆராய்ந்த பின்னரும் ஒன்று எஞ்சுகிறது. தாயார் சாய்ந்து நின்ற சாளரம், தந்தையார் செய்தித்தாள் படித்த வெளிச்சம் என்பவற்றுக்கு எந்த அளவுகோலும் இல்லை. காற்றையும் வெப்பத்தையும் விலையையும் கணக்கிடலாம்; அதைக் கணக்கிட இயலாது. அந்த அன்பு மெய்யானது. அதனாலேயே அதைக் கொண்டு பிறரை அடக்கலாகாது. ஊரில் உள்ள அண்ணியிடம் அதை மனம்விட்டுச் சொல்லலாம். அவர் அந்தச் சாளரத்தின் அருகே தம் நாள்களைக் கழிப்பது எப்படி என்று கேட்கவும் வேண்டும். அவ்வாறு கேட்ட பிறகு எடுக்கும் முடிவு தேக்காய் இருப்பினும் கண்ணாடியாய் இருப்பினும், அவ்வீட்டில் நமக்கும் இடம் இருக்கும்.